திரும்பாத கீறல்

வாலு,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சுடவைத்துச் சாப்பிடு. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடு.

உன் பழைய வீடியோ கேம் பெட்டி டிஸ்க்கைப் படிக்காமல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் தட்டாதே. மூடியைத் திறந்தால் உள்ளே குட்டி லென்ஸ் தெரியும், நாம் ‘கண்ணு’ என்போமே, அது. பஞ்சால் மெல்லத் துடை. டிஸ்க்கை நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைக்கணும், வட்டமாக இல்லை. அப்படியும் படிக்காவிட்டால் பெட்டியைக் கவிழ்த்து வைத்து ஓட்டிப் பார்.

நேற்று “எருமை, டிஸ்க்க இப்படிக் கீறி வச்சிருக்கியே!” என்று கத்தினேன். “நான் கீறலம்மா, சத்தியமா” என்று அழுதாய். காலையில் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினேன். டிஸ்க் திரும்பியது, கீறல் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தேன். அங்கேயும் அதே கருப்புக் கீறல்.

கண் டாக்டர் உடனே வரச் சொல்லிவிட்டார். சித்தி என்கூட வருகிறாள். நீ பயப்படாதே. பயம் எனக்குத்தான், இது கிழித்துக் கிழித்து எழுதிய மூன்றாவது தாள்.

நீ கீறவில்லைடி தங்கம்.

அம்மா

பி.கு: டிஸ்க் ஓடினாலும் கடைசிக் கட்டத்தை இன்றைக்கு ஆடிவிடாதே. நான் பார்க்கணும்.