வேணு முகத்தில் நீ அனுப்பிய சோப்பு

786

திருவண்ணாமலை
10-3-1983

அன்பு மகன் ஜியாவுல்லாவுக்கு அத்தா அப்துல் ரசாக் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையால் நானும் உன் அம்மாவும் தங்கச்சி ரஹமத்தும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், நீ தம்மாமில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். முதலில் ஒரு காரியம் செய். போன மாதம் 28-ஆம் தேதி நான் அனுப்பிய தந்தியைக் கிழித்துப் போடு. வேணு திருடன், உன் கம்பெனியில் அவனுக்கு எடுத்த விசாவை ரத்து செய் என்று அதில் இருந்தது. வேணு திருடன் இல்லை. உன் சிநேகிதன் மேல் ஒரு குற்றமும் இல்லை, குற்றமெல்லாம் உன் அத்தா மேல்தான். முதல் தந்தி தப்பு, ரத்து செய்யாதே என்று 4-ஆம் தேதி இன்னொரு தந்தியும் கொடுத்தேன், ட்ரங்கால் போட்டு மூன்று நாள் காத்திருந்தேன், லைன் கிடைக்கவில்லை. நீ அதற்குள் கம்பெனியில் போய் ஏதாவது சொல்லிவிட்டாயோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன நடந்தது என்று முழுசாக எழுதுகிறேன், கோபம் வந்தாலும் கடைசி வரை படி.

சோப்புச் சங்கதியைச் சொன்னால்தான் இந்த அநியாயம் உனக்குப் புரியும். மரக்கிண்ணத்தில் வைத்து நீ அனுப்பிய சவர சோப்பு பத்திரமாக வந்து சேர்ந்தது. பழைய முறையில் காய்ச்சினது, போட்டுப் பார்த்து நுரை எப்படி வாசனை எப்படி என்று எழுதுங்கள், நல்லாயிருந்தால் வரும்போது ரெண்டு டஜன் வாங்கி வருகிறேன், பாதியை வேணுவுக்குக் கொடுங்கள் என்று எழுதியிருந்தாய். நூலைப் போட்டு இழுத்து ரெண்டாக அறுத்து வேணுவின் பாதியை அவன் வேலை பார்க்கிற வெல்டிங் பட்டறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். என் பாதியை முருகையன் சலூனில் வைத்தேன். சலூன் பிரஷ்ஷில் பன்றி மயிர் இருக்கும் என்று நம் தெருவில் பாதிப் பேர் அங்கே சொந்தக் கிண்ணமும் சொந்த பிரஷ்ஷும் வைத்திருக்கிறோம் அல்லவா, பலகை அடித்துப் பேர் எழுதி வரிசையாக வைத்திருக்கிறானே, அதில்தான். அடுத்தவன் கை அதில் படாது என்று இருபது வருஷமாக நம்பிக்கை. வெள்ளிக்கிழமை காலையில் போய் உட்கார்ந்து, தாடியை விட்டுவிட்டுக் கன்னத்தையும் கழுத்தையும் வழிக்கச் சொன்னேன். நம் தெரு உப்புத் தண்ணீரில் எந்த சோப்பும் திரிந்துபோய்த் தாடை வழியாக வடியும், உனக்குத் தெரியும். இதுவும் முதலில் மசமச என்று இருந்தது, தேறாது என்று நினைத்தேன். ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு இன்னும் சுத்துடா என்றதும் எழும்பியது பார், கெட்டித் தயிர் மாதிரி. கன்னத்தில் பூசிவிட்டு முருகையன் வெளியே போய் ஒரு பீடியை முடித்துவிட்டு வந்தான், அப்போதும் நுரை காயவில்லை. கத்தி போனதே தெரியவில்லை, எரிச்சல் கம்மி. வாசனைதான் கொஞ்சம் ஜாஸ்தி. மேலே சந்தனம், அடியில் ஏலக்காய், அதற்கும் அடியில் சாம்பிராணி மாதிரி ஏதோ ஒன்று. ஜும்மாவில் பக்கத்தில் இருந்தவர் என்ன அத்தர் பாய் என்று கேட்டார். இந்த ஊரில் இந்த வாசனை ரெண்டே முகத்தில்தான், ஒன்று நான், இன்னொன்று வேணு என்று அவரிடம் பெருமையடித்துக்கொண்டேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

27-ஆம் தேதி பௌர்ணமி. மலை சுற்றுகிற கூட்டம் ஊரெல்லாம் நெரிந்தது. தைக்கக் கொடுத்த துணியை வாங்கிக்கொண்டு ரஹமத் மக்ரிப் தொழுகைக்கு முன்னால் பின்சந்து வழியாக வந்திருக்கிறாள். ஒருத்தன் பின்னால் இருந்து வாயைப் பொத்தி, கழுத்துச் சங்கிலியை அறுத்து, காதுத் தோட்டைக் கழற்றக்கூட இல்லை மகனே, அப்படியே பிடுங்கியிருக்கிறான். இடது காது மடல் ரெண்டாகக் கிழிந்து தொங்கியது. கழுத்தில் சங்கிலி அறுத்த தடம் கத்தியால் கீறின மாதிரி. ரத்தத்தோடு வந்து வாசலில் விழுந்தாள். உன் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு கத்துகிறாள், நான் யாருடி யாருடி என்று கேட்கிறேன். முகம் பாக்கல அத்தா, என் கன்னத்தோட கன்னம் ஒரசுச்சு, அண்ணன் அனுப்புன சோப்பு வாசனை அத்தா என்று சொன்னாள். எனக்குத் தலைக்குள் சுர்ரென்று ஏறியது. சரியாக அந்த நேரத்தில் வேணு உள்ளே ஓடி வந்தான். அப்போதுதான் முகம் வழித்துக் குளித்த முகம். அந்த வாசனை அவனுக்கு முன்னால் வந்தது. ரஹமத் அவனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை, இதே வாசனைதான் அத்தா என்று அலறிவிட்டு மயங்கிப் போனாள்.

நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நம் மெத்தைக் கடையில் பஞ்சு அடிக்கிற வில்லைத் தட்டுவோமே அந்தக் கட்டை கையில் கிடைத்தது. முதல் அடி புருவத்தில் விழுந்தது, அத்தா நான் வேணு, நான் வேணுனு கத்தினான், அடையாளம் தெரியாமல் அடிக்கிறேன் என்று நினைத்திருக்கிறான் பாவம். தலையை மறைக்க ரெண்டு கையையும் தூக்கினான், தலையில் விழ வேண்டியதெல்லாம் கையில் விழுந்தது. வலது மணிக்கட்டு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது ஜியா. கேட்ட பிறகும் அடித்தேன். கீழே விழுந்தவனுடைய இடது கையைச் செருப்புக் காலால் மிதித்தேன், திருட்டு நாயே எங்கடா சங்கிலினு கேட்டுக் கேட்டு மிதித்தேன். தெருவில் இருந்து வந்த ஆட்கள்கூட எதற்கு என்று தெரியாமலே நாலு உதை வைத்தார்கள். ரெண்டு பல் போய்விட்டது. கடைசியில் உன் அம்மாதான் அவன் மேல் குப்புற விழுந்து மறைத்தாள், என் கட்டையடி அவள் முதுகிலும் ஒன்று விழுந்தது. அப்போதுதான் வாசலில் ஜட்கா நிற்பதைப் பார்த்தேன். ரஹமத்துக்கு அடிபட்டது என்று யாரோ சொல்ல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவன்தான் ஜட்கா பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். அந்த ஜட்காவில் ரெண்டு பேரையும் ஏற்றினோம்.

அதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்ததா, இல்லை. ஜட்கா கொண்டுவந்ததும் நாடகம் என்று பேசினேன். மறுநாள் போய்த் தந்தி கொடுத்தேன். திரும்பி வந்து கடையைத் திறந்தால் வேணுவின் அண்ணன் சகாதேவன் கடப்பாரையோடு நிற்கிறான். என் தம்பி கையை உடைச்சவன் கை எங்கனு கேட்டு, கண்ணாடி அலமாரியை நொறுக்கி, தைத்து வைத்த மெத்தை ஒன்பதையும் கிழித்துத் தெருவில் வீசினான். தெரு முழுக்கப் பஞ்சு பறந்தது. நானும் சும்மா இல்லை, ஐம்பத்தெட்டு வயசில் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சாக்கடை ஓரம் உருண்டேன், என் தோள் எலும்பு பிசகியது, நான் அவன் காதைக் கடித்தேன். அந்தப் பக்கத்து ஆட்கள் பத்துப் பேர், இந்தப் பக்கத்து ஆட்கள் பத்துப் பேர் கட்டையோடு கூடிவிட்டார்கள், போலீஸ் வேன் வந்திராவிட்டால் அன்றைக்கு நம் தெரு எரிந்திருக்கும். ஒரு கிண்ணம் சோப்புக்கு.

போன வியாழக்கிழமை கீழ்பென்னாத்தூரில் ஒரு வெளியூர்க்காரன் பிடிபட்டான், அவனிடம் மூன்று சங்கிலி, ஒன்று ரஹமத்துடையது, கொக்கியில் அவள் முடி இன்னும் சிக்கியிருந்தது. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு அடையாளம் காட்டச் சொன்னார்கள். என் முன்னாலேயே அவனை விசாரித்தார்கள். சாயந்திரம் வரைக்கும் எங்கடா இருந்தேனு கேட்க, சலூன்ல ஷேவிங் பண்ணிக்கினு இருந்தேன் சாருனு சொன்னான். எந்த சலூன் என்றால் நம் முருகையன் கடையை அடையாளம் சொல்கிறான். நேராகச் சலூனுக்குப் போனேன். என் கிண்ணத்தை எடுத்துப் பார்த்தால் பாதி சோப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிப்பி அளவு கிடக்கிறது. முருகையன் சட்டையைப் பிடித்துச் சுவரில் சாத்தினேன். உங்க பிரஷ்ஷ தொடல பாய், எங்கம்மா சத்தியமா அத தொடல, சோப்பத்தான் கத்தியால சொரண்டி என் பிரஷ்ல போட்டுக்கினேன், பாரின் சோப்புனு கேட்டு வர்றாங்க, பௌர்ணமியன்னிக்கு மட்டும் முப்பது பேருக்குப் போட்டேன்னு அழுகிறான். முப்பது முகம், ஜியா. அவன் சட்டையில் இருந்த கையை நானாகத்தான் எடுத்தேன். அவனை அடித்தால் என்னை யார் அடிப்பது.

அங்கிருந்து தபாலாபீஸ் போய் ரெண்டாவது தந்தி கொடுப்பதற்குள் மூடிவிட்டார்கள், மறுநாள் கொடுத்துவிட்டு அடி அண்ணாமலையில் வேணு வீட்டுக்குப் போனேன். வேணுவின் தாயார் சரசு என்னைப் பார்த்ததும் பாத்திரம் கழுவின தண்ணீரை மேலே ஊற்றினாள், விளக்குமாறால் தோளிலும் முகத்திலும் வைத்தாள், புருசன் செத்த நாள்லேர்ந்து கூலி வேல செஞ்சு வளத்த கையிடா அதுனு சொல்லிச் சொல்லி அடித்தாள். சகாதேவன் பார்த்துக்கொண்டு நின்றான், தடுக்கவில்லை, நானும் நகரவில்லை. தப்பு பண்ணிட்டேம்மா என்று மட்டும் சொன்னேன். உள்ளே இருந்து வேணுதான் குரல் கொடுத்தான், பல் போன வாயோடு. விடும்மா, அஞ்சு நாளா முகம் வழிக்கல, தையல் போட்ட எடம் அரிக்குது, சொறிய கையில்ல, வந்தவரு வழிச்சு விட்டுட்டுப் போவட்டும்னு சொன்னான். கிண்டலாகச் சொன்னானா நிஜமாகச் சொன்னானா தெரியாது. வலது கை முழங்கை வரை மாவுக்கட்டு, இடது கையில் மூன்று விரலுக்குக் கட்டு. அவனுடைய பாதி சோப்பு அப்படியே இருந்தது. நான் பிறத்தியான் முகத்தை இதுவரை தொட்டதில்லை. வெந்நீர் வைத்து, நுரை எழுப்பி, காயத்தை விட்டு விட்டுப் பூசினேன். பிளேடு ரேசர்தான், அப்படியும் ஒவ்வொரு இழுப்புக்கும் அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இழுத்தேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் பஸ் ஏறிப் போகிறேன். ஆகவே நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். நுரை முதல் தரம், அவர்கள் கிணற்றுத் தண்ணீரில் இன்னும் ரெண்டு பங்கு எழும்புகிறது, காயத்து ஓரத்தில் பட்டாலும் எரியவில்லை என்கிறான். வாசனை எனக்கு வேண்டாம். வீட்டுக்கு வருமுன் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வருகிறேன், இல்லாவிட்டால் ரஹமத் வாந்தி எடுக்கிறாள். அவள் காதைத் தைத்திருக்கிறார்கள், ஆறி வருகிறது, ஆனால் வேணு பேரை எடுத்தால் அழுகிறாள், என்னாலதானே அத்தா என்கிறாள். உன் மூக்கில் தப்பில்லை, என் கையில்தான் தப்பு என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் வேணுவிடம் நான் சொல்லவில்லை, தந்தி கொடுத்ததை. அடித்ததை ஒப்புக்கொண்டேன், மிதித்ததை ஒப்புக்கொண்டேன், இது மட்டும் வாயில் வரவில்லை. கை ஒட்டிவிடும், விசா போனால் போனதுதானே. அவனோ தினமும் கன்னத்தில் நுரை வைத்ததும், ஜியா லெட்டர் போட்டானா அத்தா என்று கேட்பான். இல்லப்பா என்பேன். கண்ணை மூடிக் கழுத்தைத் தூக்கிக் கொடுப்பான். ஆறு நாள் இப்படியே போயிற்று. உன் அம்மா பீபி ஜான் நேற்று என்னைப் பிடித்து உலுக்கினாள், சொல்லாம அந்தப் புள்ள மூஞ்சில கை வெச்சா நான் உங்க கையால தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேன்னு சொன்னாள். இன்று காலை அவன் கேட்டதும் ரேசரைக் கீழே வைத்தேன். உன் விசாவை ரத்து பண்ணச் சொல்லி நான் தந்தி கொடுத்துட்டேன்டா வேணுனு சொன்னேன். நுரையோடு என்னைப் பார்த்தான். தெரியும் அத்தா, தபாலாபீஸ் வாசல்ல நின்னு நீங்க கத்துனத ஊரே கேட்டுச்சு, அன்னிக்கு சாயந்திரமே அண்ணன் வந்து சொன்னான், நீங்களா சொல்லுவீங்களானுதான் தெனமும் கேட்டேன்னு சொன்னான். பிறகு மறுபடி கழுத்தைத் தூக்கினான். என்னால் வழிக்க முடியவில்லை மகனே, சரசுதான் வந்து ஈரத்துணியால் நுரையைத் துடைத்து விட்டாள்.

ஏப்ரல் 20-க்குள் அவன் வேலையில் சேர வேண்டும், டாக்டரோ கட்டுப் பிரிக்கவே மே மாதம் ஆகும் என்கிறார். இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு உன் மேலதிகாரியிடம் போ. கையை உடைத்தது என் சொந்தத் தகப்பன், அவன் திருடனல்ல என்று உன் வாயால் சொல், வெட்கப்படாதே, வெட்கம் எனக்கு. ரெண்டு மாதம் தவணை கேள். அடுத்த லெட்டரை எனக்குப் போடாதே, நேராக வேணு பேருக்கு அடி அண்ணாமலை விலாசத்துக்குப் போடு, நல்லதோ கெட்டதோ அவன்தான் முதலில் படிக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் துணியில்லாமல் நிற்காதே, யார்மேல் கோபம் வந்தாலும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கையை ஓங்கு. அம்மாவும் ரஹமத்தும் சலாம் சொல்கிறார்கள். ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளையும் என்னைவிட நல்ல குணத்தையும் கொடுப்பானாக, ஆமீன்.

இப்படிக்கு,
உன் அத்தா
அப்துல் ரசாக்