ஊர் பார்த்துப் பொறுக்கிய அணி

அண்ணை,

நேற்றுக் காலை கொண்டெயினர் பிரித்தபோது ஒரு பெட்டிக்குள் நோவுக்குப் பூசுகிற எண்ணெய்ப் போத்தல்கள் உடைந்திருந்தன. ஆறேழு போத்தல் இருக்கும். பெட்டியைத் தூக்கியதுதான் தாமதம், வெயர்ஹவுஸ் முழுக்க மணம் ஏறிவிட்டது. பக்கத்தில் அடுக்கியிருந்த அரிசிமாவை உடனே அப்புறப்படுத்தச் சொன்னேன். எண்ணெய் மணம் பிடித்த மாவை ஒருவரும் வாங்கமாட்டார்கள். வியாபாரிக்கு முதலில் வருகிற யோசனை அதுதான். அடுத்ததாக வந்தது உங்கள் நினைவு. ஈரக் காலுறைகள் தொங்கிய அந்த உடை மாற்றும் அறை, நடுவில் குந்தியிருந்து ஒவ்வொருத்தனின் கெண்டைக்காலிலும் எண்ணெய் பூசிக்கொண்டிருந்த நீங்கள். கழுத்தில் மேனேஜர் என்று மட்டை தொங்கவிட்ட ஒருவர் பெடியங்களுக்குக் கால் பிடித்துவிட்டதை அந்தப் போட்டியில் வேறெந்த அணியிலும் நான் காணவில்லை.

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஏழு மாதமாகிறது. இவ்வளவு நாளும் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது என்று உங்களுக்குத் தெரியும்.

ரொறன்ரோவில், மல்வேர்ன் பக்கம் என் முதல் கடை இருந்தபோது ஒரு பின்னேரம் நீங்கள் வந்தீர்கள். பிளாஸ்ரிக் பக்டரி வேலை முடிந்து நேரே வந்திருந்தீர்கள், பூட்ஸ்கூடக் கழற்றவில்லை.

"ஐசே, உம்மட்ட ஒரு விசயம் கேக்க வந்தனான். இருபது ஜேர்சி வேணும்."

"எந்தக் கழகத்துக்கு அண்ணை?"

"கழகத்துக்கு இல்ல. எங்கட நாட்டுக்கு."

நான் சிரித்துவிட்டேன். "எந்த நாடு அண்ணை? பாஸ்போட் இருக்கோ?"

"அது இல்லாத ஆக்கள் விளையாடுற போட்டிதான்."

பிறகு கல்லாவுக்கு முன்னால் நின்றபடியே விளக்கினீர்கள். பெரிய உலகக் கிண்ணத்தில் இடமில்லாத சனங்களுக்கென்று ஐரோப்பாவில் ஒரு போட்டி நடக்கிறது. சின்னத் தீவுக்காரர், மலைக்காரர், எங்களைப்போல் உலகம் முழுக்கச் சிதறியவர்கள் எல்லோரும் வருகிறார்கள். ஐரோப்பாவிலிருந்து எட்டுப் பேர், ரொறன்ரோவிலிருந்து பத்துப் பேர், அணிக்கு நீங்கள் மேனேஜர். நான் ஜேர்சியின் நெஞ்சில் கடைப் பெயர் போடலாமா என்று கேட்டேன். "நெஞ்சில ஒண்டும் வேண்டாம். முதுகில, சின்னனா," என்றீர்கள். பேரம் பேசி ஜேர்சியின் ஒரு கையிலும் இடம் வாங்கினேன். விமான ரிக்கெட்டும் என் பொறுப்பு என்று அன்றே வாயை விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், நாடு என்ற சொல்லில் எனக்கும் ஏதோ ஏறிவிட்டது.

இந்த நகரத்தில் எங்கள் ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளையாட்டுக் கழகம் உண்டு. அங்கே ஓர் ஒழுங்கைக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் இங்கே இரண்டு கழகம் நடத்துகிறார்கள். கோடை வந்தால் கிண்ணப் போட்டி, கொத்துரொட்டி, நடுவரோடு சண்டை. இருவர் புதிதாகச் சந்தித்தால் பெயருக்கு முன்னர் ஊரைத்தான் கேட்போம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வந்த புதிதில் எனக்கு அறை பார்த்துத் தந்ததும் ஊர்தான், முதல் கடைக்கு வாடிக்கையாளராக வந்ததும் ஊர்தான்.

ஆனால் அணி தெரிவு செய்ய ஸ்காபரோ மண்டபத்தின் பின்னறையில் கூடிய அந்த ஞாயிற்றுக்கிழமை, ஊர் வேறு வேலை பார்த்தது. பத்துக் கழகத் தலைவர்கள் வந்திருந்தார்கள். இடமும் பத்து. ஆளுக்கு ஒன்று என்று யாரோ சொன்னதும் எல்லோருக்கும் நெஞ்சுப் பாரம் இறங்கியதுபோல் தின்ன வைத்திருந்த ரோல்ஸ் தட்டு சுற்றத் தொடங்கியது. உங்கள் சட்டைப் பையில் வேறொரு பட்டியல் இருந்தது. கோடை முழுக்க மைதான ஓரத்தில் பிளாஸ்ரிக் கதிரை போட்டிருந்து பார்த்து எழுதியது. அதில் முதல் பெயர் கஜன்.

கஜன் மட்டக்களப்புக்காரன். பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன், அப்போதுதான் கல்யாணம் கட்டியிருந்தான். அவனுடைய ஊருக்கு இங்கே கழகம் இல்லை. டோர்செட் பார்க் பக்கம் எந்த அணிக்கு ஆள் குறைந்தாலும் வந்து கோலுக்கு நிற்பான். உயரப் பந்தை அவன் எடுக்கும்போது எதிரணிக்காரர்களே கை தட்டியதை நானும் பார்த்திருக்கிறேன்.

"மட்டக்களப்புப் பெடியன் விண்ணன்தான் அண்ணை. ஆனா அவனை எந்தக் கழகத்தில போடுறது?" என்று ஒரு தலைவர் கேட்டார்.

"பந்து வரேக்க, நீ எந்த ஊரடா எண்டு கேட்டிட்டோ வரும்?"

"பந்து கேக்காது அண்ணை. எங்கட ஆக்கள் கேப்பினம்."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. ஆனால் கஜனை விடவும் இல்லை. கோலுக்கு மட்டும் என் சொல்லைக் கேளுங்கள், மிச்சம் ஒன்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். அவர்கள் முணுமுணுத்துவிட்டுச் சம்மதித்தார்கள். எங்கள் கழகம் கொடுத்திருந்ததும் ஒரு கோல்கீப்பரைத்தான், அதனால் இடம் இழந்தது எங்கள் ஊர்.

அண்ணை, அதற்குப் பிறகு கார்ப் பார்க்கில் நடந்தது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது.

"அக்கான்ர பெடியன் கோலுக்கு நிக்கட்டும் அண்ணை," என்றேன்.

"நல்ல பெடியன்தான். உயரப் பந்து எடுக்கமாட்டான் ஐசே. உமக்கே தெரியும்."

"நான் ஜேர்சியும் குடுத்து ரிக்கெட்டும் போட்டு, எங்கட ஊர்ப் பெடியன் ஒருத்தனும் போகேல்ல எண்டால் ஆக்கள் என்னை என்னெண்டு கதைப்பினம்? ஏலாதெண்டால் வேற ஆளைப் பாருங்கோ."

விலை இறக்காத மொத்த வியாபாரியிடம் எழும்பிப் போகிறமாதிரி நடிப்போமே, அதே குரலில்தான் அதைச் சொன்னேன். போட்டிக்கு மூன்று கிழமை இருந்தது. வேறு ஆள் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். கனநேரம் கார்ச் சாவியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நின்றீர்கள்.

"சரி. கஜனுக்கு ஆர் சொல்லுறது?"

"நீங்கள்தானே மேனேஜர்."

நேரே பிறம்ரனுக்கு ஓடினீர்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

போட்டிக்கு நானும் வந்தேன், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு. கடற்கரையோரம் ஒரு சிறு நகரம், ஒரே காற்று. எதிரணி ஏதோவொரு தீவு. அவர்களில் மீன்பிடிகாரர் இருந்தார்கள், ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார், இறைச்சிக் கடைக்காரர் ஒருவரும் இருந்தார். எங்கள் பெடியங்கள் காலைச் சாப்பாட்டுக்கு மூன்று மேசையில் தனித்தனியாக இருந்தார்கள். பாரிஸ்காரருக்கு பிரெஞ்சு, ஒஸ்லோக்காரருக்கு நோர்வேஜியன், எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்.

விசில் ஊதி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. "விடாத, விடாத!" "பின்னால ஆள்!" "இஞ்ச தாடா!" என்று மைதானம் முழுக்கச் சத்தம். வீட்டில் தாய் தமிழில் கேட்டால் நோர்வேஜியனில் பதில் சொல்கிறவன் என்று நீங்கள் சொன்ன அந்த ஒஸ்லோப் பெடியன், "மச்சான், நான் நிக்கிறன்!" என்று கத்திக்கொண்டு ஓடினான். நீங்கள் என் முழங்கையைப் பிடித்தீர்கள். "கேட்டீரோ ஐசே?" அவ்வளவுதான் சொன்னீர்கள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். கழுத்துப்பட்டியைச் சரிசெய்கிறமாதிரித் திரும்பிக்கொண்டேன்.

பிறகு உயரப் பந்து வரத் தொடங்கியது. தீவுக்காரருக்குக் காற்றைத் தெரியும். மூலையிலிருந்து தூக்கித் தூக்கிப் போட்டார்கள். அக்காவின் மகன் ஒவ்வொன்றுக்கும் கையை உயர்த்தினான், பந்து ஒரு சாண் மேலே போனது. இடைவேளைக்குள் நாலு. மாற்றுக் கோல்கீப்பருக்கு முதல்நாள் பயிற்சியில் விரல் வீங்கிவிட்டது, இறக்க ஆளில்லை. ஏழாவது விழுந்தபோது நீங்கள் எழும்பிப் போய்க் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றீர்கள். போட்டி நடத்துகிறவர்களில் ஒருவர் வந்து திருப்பி அனுப்பினார், வந்தீர்கள். அவர் தலை மறைந்ததும் மறுபடி போய் நின்றீர்கள். என்ன சொன்னீர்கள் என்று விமானத்தில் அவனைக் கேட்டேன். "அடுத்த பந்து மட்டும், அடுத்த பந்து மட்டும் எண்டு சொல்லிக்கொண்டே நிண்டவர் மாமா," என்றான். ஒன்பது கோல். மிச்ச ஆட்டங்களும் தோல்விதான், ஆனால் ஒருவரும் அவற்றை நினைவு வைத்திருக்கவில்லை.

ரொறன்ரோவுக்கு வந்ததும் தமிழ் வானொலியில் அதே பேச்சு. கடையில் மீன் வெட்டிக்கொண்டு கேட்டேன். ஒருவர் அழைத்து, "அந்த மட்டக்களப்புப் பெடியனை ஏன் விட்டிட்டுப் போனவை? ஆற்ற சிபாரிசு?" என்று கேட்டார். அந்த நிகழ்ச்சியில் நீங்களும் தொலைபேசித் தொடர்பில் இருந்தீர்கள். என் கையில் கத்தி அப்படியே நின்றது.

"தெரிவு என்ரது. பிழையும் என்ரது," என்றீர்கள்.

முன்னால் நின்ற அன்ரி, "பாவம், மனுசனுக்கு வயசு போட்டுது. விளங்கேல்லப்போல," என்றார்.

"ஓம் அன்ரி," என்றேன். மிச்ச மீனை வெட்டினேன்.

அந்த "ஓம்"தான் அண்ணை. கார்ப் பார்க்கில் சொன்னதைக்கூடப் பேராசை, ஊர்ப் பெருமை என்று தள்ளிவிடலாம். அந்த ஓமை எதிலே தள்ளுவது?

அதற்குப் பிறகு உங்களை ஒருவரும் மேனேஜராகக் கேட்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் கடைக்கு வருவீர்கள். "பாரை வந்திட்டுதோ ஐசே?" என்பீர்கள். அதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை, ஒரு பார்வை இல்லை. நான் பெட்டியின் அடியில் கைவிட்டு நல்ல மீனாக எடுத்துத் தருவேன். அது போதும் என்று என்னை நானே ஏமாற்றினேன். செத்தவீட்டில்கூட, வெளியே கார் எடுக்க நின்றவர்கள், "தங்கமான மனுசன். அந்த ஒன்பது கோல் மட்டும் இல்லாட்டி..." என்று இழுத்தார்கள். நான் சாவி தேடுகிறமாதிரி நின்றேன்.

போன மாதம் மறுபடி அணி கட்டக் கூடினார்கள். அதே மண்டபம், என்னைத் தலைவராக இருக்கக் கேட்டார்கள். செயலாளர் பெடியன் முதல் பேச்சிலேயே, "போனமுறை மேனேஜர் விட்ட பிழை இந்தமுறை நடக்கக்கூடாது," என்றான். நான் எழும்பினேன். எழும்பும்வரை சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அந்தப் பிழை அவருடையது இல்லை, கஜனை வெட்டியது நான், ரிக்கெட்டைக் காட்டி வெருட்டித்தான் வெட்டினேன் என்று சொன்னேன்.

அந்தச் செயலாளர்தான், மரியாதையாகவே கேட்டான். "அங்கிள், இதை மனுசன் இருக்கேக்க சொல்லியிருக்கலாமே?"

அதற்குப் பதிலை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டீர்கள் என்று எனக்கு நல்ல நம்பிக்கை இருந்தது அண்ணை. அந்த நம்பிக்கையில்தான் இத்தனை வருடம் காலாட்டிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் திருந்திவிட்டார்கள் என்று உங்களுக்குப் பொய் எழுதமாட்டேன். ஒன்பது இடமும் வழக்கம்போல் ஊருக்கு ஒன்றாகப் போயிற்று. கோலை மட்டும், "அதை நீங்களே பாருங்கோ அண்ணை, உங்கட பாவம் துலையட்டும்," என்று என் தலையில் கட்டிச் சிரித்தார்கள்.

கஜனை அழைத்தேன். முழங்கால் போய்விட்டதாம், இப்போது விளையாடுவதில்லை. நான் யாரென்று சொல்லி, நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். இடையில் மறித்தான்.

"தெரியும் அண்ணன். அந்த அண்ணன் ஒங்கட பேரு ஒண்டும் சொல்லல்ல. வந்தாரு, மனிசி தேத்தண்ணி குடுத்தவ, குடிக்காம நிண்டு, பிழை என்னுடையதுதான் தம்பி எண்டாரு. மறுகா படத்தில ஜேர்சில கடைப் பேரையும், கோலுக்கு நிண்ட ஒங்கட மருமகனையும் பாத்தன். விளங்கிச்சு."

"ஏன் தம்பி ஒருத்தருக்கும் சொல்லேல்ல?"

"ஆரு கேட்டது?"

கோல்கீப்பர் பார்க்க வரச் சொல்லிக் கேட்டேன். யோசித்துவிட்டு வந்தான். ஒரு நிபந்தனை வைத்தான்: பெயரும் ஊரும் தனக்குத் தெரியக்கூடாது, முதுகில் நம்பர் மட்டும். போன சனிக்கிழமை மல்வேர்ன் மைதானத்தில் நாலு பேர் நம்பர் கட்டிக்கொண்டு நின்றார்கள். கஜன் ஒன்றும் பேசாமல் பந்தை உயர உயரத் தூக்கிப் போடச் சொன்னான்.

பத்து நிமிடத்துக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது அண்ணை. மூன்றாம் நம்பர் எங்கள் ஊர். யாரும் சொல்லவில்லை. அவனை இறக்கிவிட்ட காரும், அவன் தகப்பனின் நடையும் போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு மற்ற மூன்று பேர் எடுத்த பந்துகள் என் கண்ணில் படவேயில்லை.

முடிவில் கஜன் நொண்டி நொண்டி என்னிடம் வந்தான். "ஒங்களுக்கு எந்த நம்பர் பிடிச்சிரிக்கு அண்ணன்?"

"எனக்குத் தெரியாது தம்பி. நீர் சொல்லும்," என்றேன்.

தெரியும் அண்ணை. வாயை மட்டும்தான் இந்தமுறை பிடித்து வைத்திருக்கிறேன்.