உயிரோடு இருப்பவர் பெயர் ஆகாது

இன்று காலை கிரவீன் புறநகரில் உள்ள எங்கள் வீட்டுக் குசினியில் கருவாடு பொரித்தேன். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி ஓடி எல்லா ஜன்னலையும் திறந்தாள். "அம்மா, நெய்பர்ஸ் கம்ப்ளெயின்ட் பண்ணப் போயினம்!" என்றாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தென்துருவக் கரை கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும், பென்குவின் கூட்டம் மன்னாரில் கருவாடு காயவைக்கும் வாடியைப் போலவே மணக்கும் என்று, சிநேகிதி, நீ சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. கப்பலில் எல்லோருக்கும் குமட்டியபோது உனக்கு மட்டும் பசித்ததாம்.

கடலின் ஆழத்தை அளப்பது உன் வேலை. கோடை தோறும் ஹோபார்ட் துறைமுகத்தில் கப்பலேறுவாய். திரும்பியதும் ஊத்தை உடுப்பு மூட்டையோடு நேரே என் வீட்டு வாசலில் வந்து நிற்பாய். ஒருமுறை ரொட்டிக்குப் பரப்பிய மாவில் விரலால் அந்தக் கரையை வரைந்து காட்டினாய். யாரும் அளக்காத கரையை வரைபடத்தில் வெறும் புள்ளிக்கோடாகத்தான் போடுவார்களாம். "அதை முழுக்கோடாக்கிறதுதான் என்ர வேலை," என்றாய். பிறகு ஒரு சின்ன வளைவைத் தொட்டாய். காற்று திடீரென்று மாறிய ஒரு நாள் உங்கள் சிறு படகு ஒதுங்கிய குடா அது. படகை உள்ளே ஓட்டிப்போனது நீ. அதற்குப் பெயரே இல்லை.

"உன்ர பேரை வைக்கப் போறன்," என்றாய்.

"எனக்குக் குளிர் ஒத்துவராதடி," என்றேன். நீ கேட்டால்தானே? விண்ணப்பத்தை அனுப்பியே விட்டாய். பெயர் சூட்டும் குழு மறுத்துவிட்டது. உயிரோடு இருப்பவர் பெயர் ஆகாதாம்.

"செத்தாத்தான் தருவினமாம். கொஞ்சம் பொறு," என்று நீ ஃபோனில் சிரித்த சிரிப்பில், வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி வார்டில் வேலையில் நின்ற நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓட வேண்டியிருந்தது.

பொறுக்கச் சொன்ன நீயே முந்திக்கொண்டாய். போன வருடம், மூன்றே மாத நோயில். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. அழுது ஓய்ந்ததும் அதே விண்ணப்பத்தை எடுத்து, அதே குடாவுக்கு உன் பெயரை எழுதினேன். உன்னோடு படகில் போனவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

குழு சம்மதித்தது. ஆனால் வழக்கப்படி குடும்பப் பெயரைத்தான் வைப்பார்களாம். நம்மவருக்கு ஏது குடும்பப் பெயர்? உன் பாஸ்போர்ட்டில் பின்னால் இருப்பது உன் அப்பாவின் பெயர். பெண்பிள்ளை வள்ளத்தில் கால் வைத்தால் மீன் படாது என்று உன்னைக் கரையிலேயே நிறுத்திவைத்த மனிதர். நீ கப்பல் வேலைக்குப் போனதற்காக ஒரு வருடம் உன்னோடு பேசாதவர். நீ முதலில் நுழைந்த குடாவில் அவர் போய் உட்காருவதா? மூன்று பக்கம் விளக்கி எழுதினேன். அவர்கள் அசையவில்லை.

கடைசியில், ஸ்பிரிங்வேலில் உன் தம்பியோடு இருக்கும் அவருக்கே தயங்கித் தயங்கி ஃபோன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"அது என்ர பேரெல்லோ, பிள்ளை. நான் இன்னும் சாகேல்லையே?" என்றார்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அவர்கள் போட்ட விதியிலேயே அவர்கள் மாட்டிக்கொண்டார்கள்! "அங்கிள், அதை அப்பிடியே எழுதித் தாங்கோ," என்றேன்.

எழுதித் தந்தார், தமிழில். 'பின்னால் இருப்பது என் பெயர். நான் உயிரோடு இருக்கிறேன். முன்னால் இருப்பதுதான் என் மகள். அந்தக் கடலுக்குப் போனது அவள்.' கடைசி வரியை நான் கேட்கவில்லை. அதை மொழிபெயர்க்கும்போது இரண்டு தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

சென்ற வாரம் புது வரைபடம் வந்தது. குடாவின் அருகே உன் பெயர், உன் பெயர் மட்டும். அங்கிளுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். கட்டிலுக்கு எதிரே ஒட்டிவைத்து, வருவோர் போவோரிடமெல்லாம் "இது என்ர மகள் வள்ளம் விட்ட இடம்" என்கிறாராம்.

நீ போன நாளிலிருந்து இந்த வீட்டில் உன் பெயரைத் தாழ்ந்த குரலில்தான் சொல்லி வந்தோம். இப்போது அது ஓர் இடத்தின் பெயர். சத்தமாகச் சொல்கிறேன்.