கரு கூடும் முன்பே

ஜூன் 9, திங்கள்
விடிந்ததிலிருந்து சாரல், பேய்க்காற்று. திராட்சைப் பந்தலில் ஒரு கல்தூண் சாய்வு. செய்ய வேண்டியவை: தூண், மோட்டார், கரண்ட் பில்.

மதியம் உ.பாளையத்திலிருந்து, மாமியார் வீட்டிலிருந்து அமலியின் போன். நாள் தள்ளி இரண்டு மாதம் ஆகிறதாம். மகள் கருவுற்ற செய்தி கேட்டால் தகப்பன் மகிழ வேண்டும். நான் மாத்திரையைப் பற்றிக் கேட்டேன்.

"சாப்பிடலப்பா. அத்தை வேணாம்னு சொன்னாக."

ஜூன் 10, செவ்வாய்
தூணுக்கு ஆள் வரவில்லை. எனக்கும் எதுவும் ஓடவில்லை.

சென்ற ஆண்டு அமலிக்குப் பிறந்த குழந்தைக்கு முதுகுத்தண்டு மூடியிருக்கவில்லை. ஒரு பகல்தான் உயிரோடு இருந்தது. அப்போதே தேனி டாக்டரம்மா இரு வீட்டாரையும் உட்கார வைத்து விளக்கினார். மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய், கரு தங்கிய முதல் மாதத்திலேயே மூடிவிடும். பல பெண்களுக்குக் கரு தங்கியதே அப்போது தெரியாது. ஆகவே ஃபோலிக் ஆசிட், இவளுக்குக் கூடுதல் அளவில், கரு கூடுவதற்குச் சில மாதம் முன்பே. ஆபத்து முற்றிலும் போகாது, பெரிதும் குறையும். சம்பந்தியம்மாள் தலையாட்டினார். பார்த்தேன்.

ஜூன் 12, வியாழன்
உ.பாளையம். மீன் குழம்பு வைத்திருந்தார்கள். கை நனைக்கவில்லை.

சம்பந்தியம்மாள் குரலை உயர்த்தவே இல்லை. "வயித்துல ஒண்ணும் இல்லாம புள்ளத்தாச்சி மாத்திரையத் திங்கலாமாண்ணே? பெறக்கும் முன்ன நாங்க தொட்டில்கூட வாங்க மாட்டோம். போன தடவ நீங்க சட்டை துணியெல்லாம் வாங்கியாந்தீக. என்னாச்சு?"

மாத்திரைக்குப் பதில் என்ன கொடுத்தீர்கள் என்றேன்.

தினமும் முருங்கைக்கீரை கொடுத்தாராம். கீரை நல்லது, இவளுக்கு அது போதாது என்பதையும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். இவருடைய கணவர் திராட்சைக் கொடி துளிர்க்கும் முன்பே மண்ணுக்கு உரம் வைக்கிற விவசாயி. அது மட்டும் எப்படி என்றேன்.

"கொடிக்குக் கண்ணு படாதுண்ணே."

மாப்பிள்ளை செல்போனிலிருந்து தலை நிமிரவில்லை. அந்த வீட்டில் எதையும் உடைக்காமல் வெளியே வந்தேன்.

ஜூன் 13, வெள்ளி
மோட்டார் காயில் கருகிவிட்டது.

ஜூன் 16, திங்கள்
தேனி. நால்வரும் போனோம். ஸ்கேன். மண்டையோடு சரியாக இருக்கிறது. முதுகைப் பற்றி இப்போது உறுதியாகச் சொல்ல இயலாது. ஐந்தாம் மாதம் பார்த்தால்தான். அதுவரை எப்படி இருப்பது என்று அமலி கேட்டாள். அதற்கு மருந்துச் சீட்டு கிடையாது. மாத்திரை இனியாவது சாப்பிடட்டும், இரத்தத்துக்கு நல்லது என்றார் டாக்டரம்மா. முதுகுக்கு என்று சொல்லவில்லை.

அமலியும் மாப்பிள்ளையும் முன்னால் நடந்தார்கள். மருந்துக்கடை வாசலில் சம்பந்தியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க படிச்சவுக. இனிமே ரெண்டு ரெண்டாக் குடுத்தா, விட்டதுக்கும் சேந்துராதா?"

சேராது என்றேன்.

அமலி திரும்பிப் பார்த்தாள்.