அது சீனி இல்லை, கரைப்பான்

அன்பு மகள் ஷஹ்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கம்பளையில் நாங்கள் மூவரும் மழையும் இருமலுமாய் இருக்கிறோம், சுகம் என்று முழுதாக எழுத இந்த முறை கை வரவில்லை, நீயாவது அங்கே சுகமாக இரு. பினாங்குக்குத் திரும்பும் ஆஸிகாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ எடுத்ததும் வாப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிடுகிறார், அவரைப் பற்றி அவர் முன்னால் எப்படிச் சொல்வது.

தம்பி பஹ்மிக்குச் சோதனை நெருங்குகிறது, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்க்கிறான். கடைச் சுவரில் மறுபடியும் ஈரம் ஊறி அரிசி மூட்டைகளை இடம் மாற்றினோம். மாற்றும்போதுதான் எறும்பு வரிசையைக் கண்டேன். அது போன இடத்தில் பழரசக் கோர்டியல் வந்த ஒரு பழைய போத்தல், உள்ளே தேன் மாதிரித் தடித்த மஞ்சள் தண்ணீர். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், இனிப்பு, புளிப்பு, பிறகு மஞ்சளின் கசப்பு. உடனே விளங்கிவிட்டது. விடுமுறைக்கு வந்தபோது நீ சாப்பாட்டு மேசையில் சொன்னாயே, மஞ்சளின் சத்தைப் பிரித்தெடுக்க அசிற்றோன் மாதிரியான இரசாயனத் திரவங்கள் வேண்டாம், சீனியையும் தேசிக்காய்ப் புளிப்பின் அமிலத்தையும் கொஞ்சம் தண்ணீரோடு சேர்த்தால் இரண்டும் சேர்ந்து தடித்த நீராகும், அதுதான் கரைப்பான், வெறும் தண்ணீரில் கரையாத மஞ்சள் சத்து அதில் கரைந்துவிடும், மண்ணுக்கும் தண்ணீருக்கும் கேடில்லை என்று. வாப்பா அன்று சோற்றில் கை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். வீக்கம் குறைந்ததைக் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் பார்த்தோம் என்றும் நீ சொன்னாய், அவர் வீக்கம் குறையும் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

மூட்டு வருத்தத்துக்குக் கிளினிக்கில் தந்த குளிசைகளை நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அவர் தொடவேயில்லை மகள். காலையும் மாலையும் இந்த மஞ்சள் பாணியைக் குடித்திருக்கிறார், அவரோ இரத்தத்தில் சீனி கூடின வருத்தக்காரர். நான் கேட்டதற்கு, "அதுல சீனி எங்க ஈக்கி? கலந்த பொறகு அது சீனி இல்ல, கரைப்பான். மகள் சொன்னத நீ ஒழுங்காக் கேக்கல்ல றலியா. நீ வாசிக்கிற கதைப் பொஸ்தகத்துல இதெல்லாம் வராது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, நீ சொன்ன வார்த்தையை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார். அவருடைய விரல்கள் வீங்கிப்போய்ச் சாமான் சுற்றிய தாள் சரைக்கு நூல் கட்ட முடியவில்லை, அதையும் மருந்து வேலை செய்கிற அடையாளம் என்கிறார்.

ஜும்ஆத் தொழுகைக்குப் போன இடத்தில் உளூவுக்குக் கால் கழுவும்போது அவருடைய வலது கால் சுண்டுவிரலில் புண்ணைப் பஹ்மி கண்டான். செருப்புக் கடித்ததாம், சீலைத் துண்டைச் சுற்றி மறைத்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சீனி இந்த அளவிலேயே நின்றால் விரலை எடுக்க நேரும், அதோடு நிற்குமா என்றும் சொல்ல முடியாது என்று டொக்டர் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு பஸ்ஸில் ஏறியதும், "அவங்களுக்கு இந்தப் புது முறை தெரியாது, மகள் படிச்சி முடிச்சி வரட்டும்" என்கிறார். நேற்றுச் சாமான் வாங்க வந்த தேயிலைத் தோட்டத்து வடிவம்மா, "மொதலாளி, என் மொழங்காலுக்கும் ஒரு போத்தல் தாங்களேன்" என்று கேட்டாள். கொடுக்கத்தான் எழும்பினார், நான் மறித்துவிட்டேன். நான் இல்லாத நாளில் கொடுத்துவிடுவார்.

நான் கெஞ்சினேன், கோபித்தேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்தேன். புண்ணுக்கு மருந்து கட்டிவிட்டு எழும்பும்போது எனக்கு என் உடம்பே பாரமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை, உன் படிப்பை வைத்து ஊர் பேச வேண்டாம் என்றுதான். உன் ஆராய்ச்சி பொய் என்று சொல்லச் சொல்லவில்லை. அது இன்னும் மருந்தாகவில்லை, எந்தப் பெயர் வைத்தாலும் சீனி சீனிதான், கிளினிக் குளிசையை எடுங்கள் வாப்பா என்று நீ வீடியோவில் முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். அவருடைய முகம் வாடும். அதைப் பார்த்ததும் இரக்கப்பட்டுப் பேச்சை மாற்றிவிடாதே, வாடின முகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஆய்வுகூடத்தில் கையுறை இல்லாமல் எதையும் தொடாதே. உன் அறிவிலும் உடம்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும், உன் கையால் ஒரு நாள் உண்மையான மருந்து வரட்டும்.

மறந்துவிடாதே, பேசும்போது முதலில் புண் உள்ள காலைக் காட்டச் சொல். சிரித்துக்கொண்டு சொல்லாதே, நீ சிரித்தால் உன்னைத் தன் பக்கம் என்று எடுத்துக்கொள்வார். போத்தலை நான் கொட்டவில்லை. நான் கொட்டினால் நாளைக்கே புதிதாகச் செய்வார். நீ சொன்னால் அவரே கொட்டுவார்.

உன் வழி பார்த்திருக்கும்
உம்மா றலியா