பெரட்டில் அமுக்கிய விளம்பரம்

தலவாக்கலை,
ஞாயிறு

அன்பு மகன் லோஜன் துரைக்கு,

அம்மா எழுதுவது. நீ செய்து வைத்திருக்கும் காரியத்தையும் மீறி இங்கே எல்லாரும் சுகமாகத்தான் இருக்கிறோம். மெல்பேர்னில் நீயும் சுகமாக இரு என்று மாரியம்மனிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன், உனக்கு மூளை கேட்பதை மட்டும் விட்டுவிட்டேன். போனில் பேசினால் பாதியில் வெட்டிவிட்டு லைன் சரியில்லை என்பாய், தாளை அப்படி வெட்ட முடியாது, அதனால்தான் கடிதம். இங்கே விடாத மழை, மேல் லயத்துக் கூரை மறுபடி ஒழுகுகிறது, அப்பாவுக்கு இருமல். நான் இன்னும் பிள்ளைக் காம்பராவில்தான் இருக்கிறேன், தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் விட்டுப் போகும் அத்தனை குழந்தைகளையும் மேய்த்துவிடலாம், உன் ஒருத்தனோடுதான் முடியவில்லை.

உன் கம்பனி விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு இறம்பொடை மலைப் பக்கம் தங்க அறை பிடித்துக் கொடுக்கிற கம்பனி, அதற்குக் கூகுளில் விளம்பரம், அதை யார் ஒரு தடவை அமுக்கினாலும் உன் காசு போகும், அவர்கள் அறை எடுத்தாலும் போகும் எடுக்காவிட்டாலும் போகும். இதெல்லாம் உன் தங்கச்சி பிரேமினி இப்போதுதான் எனக்கு விளங்கப்படுத்தினாள். எந்த நாட்டு ஆட்கள் கண்ணில் விளம்பரம் படவேண்டும் என்று நாமே குறித்துக் கொடுக்கலாமாம். நீ அதைக்கூடப் பார்க்காமல் விளம்பரப் பட்ஜெட் முழுவதையும் உன் கூட்டாளி விஜிதரன் கையில் கொடுத்தாய், அந்த மகாராசா இலங்கையையும் சேர்த்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டான். மலையைப் பார்க்க வாருங்கள் என்று மலையில் குடியிருக்கிற எங்களிடமே காசு கொடுத்துச் சொன்ன புத்திசாலிகள் நீங்கள் இரண்டு பேரும்தான்.

ஒரு அறைகூடப் போகவில்லை, அன்றன்றைக்கு ஒதுக்கின காசு உங்கள் ஊர் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுகிறது, அமுக்கினதெல்லாம் தலவாக்கலைப் பக்கம் என்று கண்டதும் உனக்கு யோகேஸ்வரன் ஞாபகம் வந்துவிட்டது. உனக்கு வெப்சைட் செய்து கொடுத்து, உன் வாய்க்குப் பயந்து விலகி, டவுனில் கம்ப்யூட்டர் கடை போட்டவன். அவன்தான் பிரேமினிக்குப் பரிசம் போட்ட மாப்பிள்ளை என்பது மட்டும் உனக்கு மறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமிப் போயா லீவு தினமும் காசு தீரவில்லை, அவன் கடை பூட்டுகிற நாளும் அதேதான், இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று இரண்டு குடும்பமும் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் எழுதினாய். கள்ளப்பயலுக்கு என் தங்கச்சியக் குடுக்க முடியாது என்று பேசியும் அனுப்பினாய். கேட்டபோது உன்மேல் அருவருப்பாக இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன்.

ஞாயிறும் போயாவும் பூட்டுவது கடை மட்டும்தானா, தோட்டத்து ஆட்கள் வேலைக்குக் கூடுகிற பெரட்டும் அன்றைக்கு இல்லையே. கம்பனி தொடங்கின அன்று, அப்பா, நம்ம ஆளுங்க எல்லாரையும் பாக்கச் சொல்லுங்க என்று நீதான் உன் அப்பாவுக்கு வாய்ஸ் அனுப்பினாய். தோட்டத்துச் சங்கத் தலைவரான அந்த மனுஷனுக்கு அது போதாதா. மறுநாளிலிருந்து காலைப் பெரட்டில் பேர் வாசித்து வேலை பிரித்து முடிந்ததும் எல்லாரையும் போனை எடுக்கச் சொல்லி, இறம்பொடை ரூம் என்று தேட வைத்து, மேலே வருகிற உன் விளம்பரத்தை ஆளுக்கு ஒரு தடவை அமுக்க வைத்திருக்கிறார். நம் தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகப் பிடிப்பதே அந்தப் பெரட்டுக் களத்தில்தான். உங்கள் ஊர் மத்தியானம் இங்கே காலைப் பெரட்டு நேரம், யோகேஸ்வரன் கடை திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பெரட்டுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு வந்து வளர்ந்த உனக்கு இதில் ஒன்றுகூடத் தோன்றவில்லை. நான் போய்க் கேட்டதும் உன் அப்பா, மழையிலகூட ஒரு நா விடல புள்ள, வேல வாங்குற கண்டாக்கையாவையும் அமுக்க வெச்சிட்டோம்ல என்று பெருமையாகச் சொன்னார். அமுக்கினால் உன் காசு போகும் என்று பிரேமினி சொன்னதும் போனைத் தூர வைத்துவிட்டார். ராத்திரி சோற்றில் கையை வைத்தபடியே இருந்தார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, உன்னைத் திட்டத்தான் வருகிறது.

அவரே யோகேஸ்வரன் வீட்டுக்குப் போய் எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னார். மாமா, ஒங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல, மச்சான் எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் என்று மட்டும் அந்தப் பையன் சொன்னான். அவன் அப்பாதான் விடவில்லை. நாலு பேரு முன்னால சொன்னத ஒங்க மகனே வந்து நாலு பேரு முன்னால திருப்பி எடுக்கட்டும், அப்பறம் தாலியப் பத்திப் பேசுவோம் என்றுவிட்டார். பிரேமினிக்கு உன்மேல் இருந்த நம்பிக்கையே போய்விட்டது. அண்ணன் வராதும்மா, அதுக்கு கம்பனிதான் பெருசு என்கிறாள். நீயோ, அவள் குரூப்பில் உண்மையை எழுதினதும் அதற்குப் பதில் என்று ஒரு கும்பிடு படம் போட்டிருக்கிறாய். கள்ளன் என்று சொல்ல அவ்வளவு வார்த்தை வந்தது, மன்னிப்புக் கேட்க ஒரு மஞ்சள் கைதான் வந்ததா உனக்கு.

முதலில் அந்த விளம்பரத்தை நிறுத்து. பிறகு தொடங்குவதானால் வெளிநாட்டு ஆட்களுக்கு மட்டும் காட்டுகிற மாதிரி நீயே உட்கார்ந்து போடு, தினமும் எங்கிருந்து அமுக்குகிறார்கள் என்று நீயே பார், விஜிதரன் தூங்கட்டும் பாவம். மிச்சப்படுகிற காசில் டிக்கெட் எடு. தை மாதத்துக்கு மண்டபம் சொல்லியிருக்கிறோம், அதை இன்னும் நான் விடவில்லை. வாசலில் மாப்பிள்ளை காலைக் கழுவி உள்ளே அழைத்து வருவது பெண்ணின் அண்ணன் வேலை. சித்தப்பா மகன் செய்யட்டும் என்றார்கள், கூடாது என்றுவிட்டேன். என் மகன் வந்து ஊர் பார்க்கக் குனிவான் என்று சம்பந்தியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மாரியம்மன் உனக்குத் துணை இருக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் தலையை நனைக்காதே. தையில் நம் பீலியில் கொட்டுகிற மலைத் தண்ணீர் எப்படிக் குளிரும் என்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளை காலுக்கு வெந்நீர் நான் போட்டு வைக்கிறேன், நீ கையைக் கொண்டு வந்தால் போதும்.

உன்னைப் பெற்ற பாவத்துக்கு,
வீ. பேச்சியம்மா