குழாய்க்குச் சுற்றிய கம்பளி

சோலிலா,
மே 11

மதிப்புக்குரிய செனோரா அமேலியா அவர்களுக்கு,

எர்மெலிந்தா எழுதுவது. தங்கள் மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகியிருக்கும் என்று நம்புகிறேன். ஒவ்வொரு வருடமும் ஏரிக்கரை வீட்டைக் குளிருக்காகப் பூட்டும்போது தாங்களே உடனிருப்பீர்கள். இந்த வருடம் முன்னதாகவே புவெனஸ் அயர்ஸுக்குப் போய்விட்டதால் எழுதித் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. பூட்டியது எப்போதும் வரும் என் கணவர் அபெலார்தோ அல்ல, நான்தான்.

அவர் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்துவிட்டார். வலது காலில் எலும்பு முறிவு. எஸ்கெல் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகக் கத்துகிறார். தாங்கள் கவலைப்பட்டுத் தொலைபேசியில் கூப்பிட வேண்டியதில்லை.

உறைபனி இந்த முறை முந்திக்கொண்டது. ரேடியோவில் அதைச் சொன்னதும் படுக்கையில் கிடந்தபடியே துடித்துப்போனார். எங்கள் சமையலறைக் குழாய் போன குளிர்காலத்தில் வெடித்துத் தரையெல்லாம் ஐஸ் ஆனது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எர்மா, அந்தம்மா வீட்டுக் குழாயில தண்ணி இன்னும் இறக்கல. கீசர் வெடிச்சா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்களப் பாப்பேன்?" என்று புலம்பினார். "தெனமும் என்னைப் பாக்குற மூஞ்சிதானே, அதையே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, சாவியையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

தங்கள் வீடாயிற்றே, செய்ததைச் சொல்லிவிடுகிறேன். வெளியே குழிக்குள் இருக்கும் மெயின் வால்வை அடைத்து, எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டேன். கீசரின் அடித்திருகைக் கழற்றி வாளி வாளியாகத் தண்ணீரை வெளியே கொட்டினேன். கழிப்பறைத் தொட்டியில் மிஞ்சியதைத் துணியால் ஒற்றி எடுத்தேன். கழுவுதொட்டிகளுக்கு அடியில் வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதில், கார் ரேடியேட்டர் உறையாமலிருக்க ஊற்றுவார்களே, அந்தத் திரவத்தை ஊற்றினேன். மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டேன். தனியாள்தான். தாங்கள் உதவிக்கு இருந்தும் என் கணவருக்கு இதே வேலை இரண்டு முழு நாள் இழுக்கும். தங்கள் கணவர் உயிரோடு இருந்தவரை என் கணவருக்கும் ஒரு காலைப்பொழுதுதான் ஆனது.

தரைப்பலகைக்கு அடியில் குனிந்தபோதுதான் அந்தக் கம்பளியைப் பார்த்தேன். கழுவிச் சிக்கெடுத்த ரோமத்தைக் குழாய் நெடுகச் சுற்றி, அதன் மேல் சாக்குத்துணி போட்டுத் தைத்திருந்தது. என்ன நேர்த்தியான தையல்! அந்த ரோமம் எங்கள் செம்மறிகளுடையது, செனோரா. எங்கள் கட்டிலுக்குப் போர்வை நெய்ய நான் சேர்த்துவைத்தது. பூச்சி அரித்துவிட்டது, எரித்துவிட்டேன் என்று என் கணவர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுக் குழாய்க்கு அவருடைய கிழிந்த கால்சட்டையைச் சுற்றியிருக்கிறார்.

முழுவதையும் பிரித்து எடுத்துவந்துவிட்டேன். தண்ணீர் இல்லாத குழாய்க்குக் குளிராது. எங்கள் குழாயில் குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் இருக்கும். இது திருட்டு என்று தோன்றினால் தாங்கள் தாராளமாகப் போலீசில் சொல்லலாம். இங்கே போலீஸ்காரன் என் தம்பி மகன்தான்.

மூட்டையை அவர் கட்டிலில் போட்டு, "இந்தப் பூச்சிக்குத் தையல் நல்லா வருதே" என்றேன். பிறகு "ரெண்டு நாளும் அங்க என்னதான் பண்ணுவீங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"மாத்தே டீ குடிப்போம். தண்ணி மலையிலருந்து எப்படி வருது, மேல எப்படி ஏறுதுன்னு அவங்க கேப்பாங்க. நான் சொல்லுவேன். அப்புறம்னு கேப்பாங்க. இன்னும் சொல்லுவேன். அவ்வளவுதான். நீ என்னைக்காவது ஒண்ணு கேட்டிருக்கியா?" என்றார்.

தங்கள் கையைப் பிடித்ததாக அவர் சொல்லியிருந்தால் வாணலியால் ஒரு போடு போட்டிருப்பேன், ஆத்திரம் தீர்ந்திருக்கும். இதற்கு எதை எடுத்து அடிப்பது? அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. சூப்பை மட்டும் கொண்டுபோய் வைத்தேன்.

மறுநாள் எங்கள் குழாய்க்குக் கம்பளி சுற்றினேன். கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு, "அந்த மூலைய விட்டுட்ட பாரு, அங்கதான் மொதல்ல உறையும்" என்று அதட்டினார். ஏன் அங்கே முதலில் என்று கேட்டேன். கேலி செய்கிறேனோ என்று சந்தேகமாகப் பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். சுவரின் விரிசல், தெற்குக் காற்று, நகராமல் நிற்கும் தண்ணீர் என்று போய்க்கொண்டே இருந்தது. அடுப்பில் கறி தீய்ந்தது. பாதிதான் எனக்குப் புரிந்தது. ஆனால் அழகாகத்தான் சொல்கிறார், செனோரா. இத்தனை வருடம் அது தங்களுக்குத்தான் தெரிந்திருந்தது என்று நினைக்கும்போது இன்னும் வயிறு எரிகிறது.

வராதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. கோடையில் மகள், பேரக்குழந்தை எல்லோரோடும் வாருங்கள். முட்டையும் ரொட்டியும் நானே கொண்டுவந்து தருகிறேன். ஆனால் இலை பழுக்கத் தொடங்கியதும் தயவுசெய்து கிளம்பிவிடுங்கள். தண்ணீர் இறக்க இனி நாங்கள் இருவரும் வருவோம்.

குழந்தையைக் கன்னி மரியா காக்கட்டும். அவ்வளவு பெரிய நகரத்தில் தங்களுக்கும் உட்கார்ந்து பேச ஒரு துணை அமையட்டும். மனதாரத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எர்மெலிந்தா கயூன்,
அபெலார்தோவின் மனைவி